அப்பா மடி

ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் வைத்த புண்ணியவான் யாரோ, அவன் வீட்டில் சின்னக் குழந்தை இருந்திருக்க முடியாது. இருந்திருந்தால் ‘மடி’ என்ற சொல்லையாவது விட்டுவைத்திருப்பான்.

மடி என்றால் குழந்தை உட்காரும் இடம். இது எல்லோருக்கும் தெரிந்தது. ரகுநந்தன் வீட்டில் மடி என்றால் வேறு. விடிவதற்கு முன் குளித்து, முதல் நாளே உயரக் கொடியில் யார் கையும் படாமல் உலர்த்திய வேட்டியைக் கம்பால் எடுத்துக் கட்டிக்கொண்டு, பெருமாளுக்குத் தளிகை ஆகும்வரை மனுஷ வாடையே மேலே படாமல் இருப்பதற்குப் பெயர் மடி. யாராவது தொட்டுவிட்டால் மடி போயிற்று. மறுபடி குளிக்க வேண்டும், வேறு வேட்டி கட்ட வேண்டும். தொட்டது தெருவில் போகிறவனா, பெற்ற பிள்ளையா என்ற பேதமெல்லாம் அதில் கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் ஆசாரம் ரொம்பவும் சமத்துவம் பார்க்கும்.

திருவள்ளூரில் ஒரு பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் ரகுநந்தன் தளிகை செய்தான். அவன் அப்பா தேவராஜன் அங்கேதான் செய்தார், அவருடைய அப்பாவும் அங்கேதான். ரகுநந்தன் மட்டும் நடுவில் பேன்ட் போட்டுக்கொண்டு மின்சார ரயிலில் அம்பத்தூர் கம்பெனிக்குப் போய்வந்தான். அப்பாவுக்கு முழங்கால் மடங்க மறுத்ததும், அவர் காஞ்சிபுரத்துக்கு மூத்த மகனோடு போய்விட, இவன் கரண்டியை வாங்கிக்கொண்டான். நடுவில் விட்டுவிட்டு வந்தவனுக்கு ஆசாரம் ஒரு பிடி கூடத்தான் இருக்கும். அப்பா விட்ட இடத்தில் தொடங்கவில்லை அவன். தாத்தா விட்ட இடத்துக்கே போய்விட்டான்.

கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் நாலு குடித்தனம் இருக்கிற காம்பவுண்டில் அவர்கள் வீடு. நடுவில் பொதுக் குழாயும் சிமென்ட் தொட்டியும். அவன் மனைவி ஹம்ஸாவுக்கு இரண்டு குழந்தைகள். செங்கமலவல்லி என்ற வல்லிக்கு மூன்றரை வயது. சின்னவன் வரதன் இப்போதுதான் தள்ளாடித் தள்ளாடி நடக்கிறான்.

அந்த வீட்டில் காலையில் எழும் முதல் பேச்சு சுப்ரபாதம் இல்லை. “தொடாதே, அப்பா மடி!” என்பதுதான். ரகுநந்தன் கதவுத் தாழ்ப்பாளை நீக்கும் சத்தத்துக்கு எப்படியோ வல்லி விழித்துக்கொள்வாள். பாயிலிருந்து நேராக அவன் காலைக் கட்டிக்கொள்ள ஓடுவாள். ஹம்ஸா அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்து இடுப்பைச் சுற்றிப் பிடித்துத் தூக்கிக்கொள்ள வேண்டும். வரதன் தவழத் தொடங்கியதும் ஒரு கையில் அவள், ஒரு கையில் இவன். அவன் செருப்பில்லாமல் சந்து திரும்பும்வரை இரண்டு கன்றுக்குட்டிகளைக் கட்டி இழுத்துக்கொண்டு நிற்பதுபோல நிற்பாள்.

சில நாள் பிடி நழுவிவிடும். வல்லியின் விரல் வேட்டி நுனியில் பட்டுவிடும். உடனே ரகுநந்தன் நெருப்பை மிதித்தவன்போலத் துள்ளுவான். குழந்தையை அவன் ஒருநாளும் அடித்ததில்லை, அதைச் சொல்ல வேண்டும். “பட்டுட்டா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் குழாயடிக்குத் திரும்பிப் போவான். தலையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். வல்லி வாசற்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். தான் தொட்டால் அப்பா குளிக்கிறார் என்பது அவளுக்கு ‘அ, ஆ’ தெரியும் முன்பே தெரிந்துவிட்டது.

மத்தியானம் கோயில் நடை சாத்தி வீட்டுக்கு வந்தபின் அவன் மடி இல்லை. யார் வேண்டுமானாலும் தொடலாம். ஆனால் அவன் வரும்போது வல்லி பள்ளியிலிருந்து வந்து தூங்கியிருப்பாள். அவள் எழும்போது அவன் சாயங்காலத் தளிகைக்காக மறுபடி குளித்துக்கொண்டிருப்பான். நேரம்தான் அமையவில்லை என்று அவனுக்காகப் பேசுகிறவர்கள் பேசலாம். மனசு இருந்தால் தூங்குகிற குழந்தையையும் எடுத்து மடியில் போட்டுக்கொள்ளலாம். அவன் சாப்பிட்டு, கையலம்பி, ஃபோனைக் கொஞ்சம் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

ஹம்ஸா நகை கேட்கவில்லை, சொந்த வீடு கேட்கவில்லை. இந்தப் பெண் தன் அப்பா மடியில் உட்கார்ந்து வளர வேண்டும் என்ற ஒன்றைத்தான் கேட்டாள். அவள் அப்பா அத்திப்பட்டில் மின்நிலையத்து ஸ்டோரில் வேலை பார்த்தவர். சட்டைக் காலரில் கரித்தூளோடு வருவார். கைகால் கழுவுவதற்கு முன்பே ஹம்ஸா ஏறி உட்கார்ந்துவிடுவாள். அவர் அவள் தலைக்கு மேலாகப் பேப்பரைப் பிடித்துப் படிப்பார். அவர்கள் வழக்கப்படி கல்யாணத்தில் பெண்ணை அப்பா மடியில் உட்காரவைத்துத்தான் தாலி கட்டுவார்கள். ஹம்ஸா கல்யாணப் பெண்ணாக உட்கார்ந்தபோது அவள் கனத்தில் அவருக்கு மூச்சு முட்டியது. ஆல்பத்தில் இன்றைக்கும் பல்வலிக்காரர் மாதிரிதான் இருக்கிறார். “எழுந்துக்கட்டுமாப்பா?” என்று அவள் மெல்லக் கேட்டதற்கு, “இருடி, இனிமே எப்போ?” என்றார். அடுத்த வருஷமே போய்விட்டார். அந்த ‘இனிமே எப்போ’வை ஹம்ஸா யாரிடமும் சொன்னதில்லை.

ஆடி மாசத்தில் ஒரு நாள் வல்லியின் டீச்சர் சுமலதா, பள்ளி விட்டதும் ஹம்ஸாவைத் தனியாகக் கூப்பிட்டாள். சுற்றிச் சுற்றிப் பேசினாள். வீட்டில் எல்லாம் சரிதானே என்றாள், சார் குழந்தையோடு எப்படி என்றாள். ஹம்ஸாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் விஷயம் வந்தது. வகுப்பில் படம் காட்டியிருக்கிறார்கள். அம்மா மடியில் ஒரு பாப்பா. இது என்ன என்று கேட்டதற்கு எல்லாப் பிள்ளைகளும் “அம்மா மடி” என்று கத்தினார்கள். அடுத்த படத்தில் அப்பா மடி. வல்லி மட்டும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி பின்னால் போய், “அப்பா மடி தொடக் கூடாது மிஸ்” என்றாளாம்.

காலம் கெட்டுக் கிடக்கிறது. டீச்சர் பயந்ததில் தப்பே இல்லை. ஹம்ஸா மடிக்கு இன்னொரு அர்த்தத்தை எடுத்துச் சொன்னதும் சுமலதா நெஞ்சில் கைவைத்துச் சிரித்தாள். ஹம்ஸாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஒரு பக்கம் வரதனை இடுப்பில் வைத்து, ஒரு பக்கம் வல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு தேரடியைத் தாண்டும்போதுதான் சிரிப்பு நின்றது. அந்தக் குழந்தை சொன்னதில் எது தப்பு என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் தப்பில்லை.

ரகுநந்தன் சாப்பிடும்போது சொன்னாள். அவன் மனசில் படும் என்று நினைத்துத்தான் சொன்னாள். அவன் ரசஞ்சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு புரைக்கேறச் சிரித்தான். கையலம்பியதும் காஞ்சிபுரத்துக்கு ஃபோன் போட்டு அப்பாவிடம் சொன்னான். ‘ஐந்தில் வளைஞ்சுடுத்துடா, இனிமே கவலையில்லை’ என்று தேவராஜன் ஸ்பீக்கரில் கெக்கலித்தார். மறுநாள் மடைப்பள்ளி முழுக்க அதுதான் பேச்சு. குழந்தையின் குறை அப்பனுக்குப் பெருமையாகிவிட்டது.

“அவ சொன்னது நீங்க சொல்ற மடி இல்லைன்னா” என்றாள் ஹம்ஸா. “உட்கார்ற மடி.”

“எல்லாம் ஒண்ணுதான். பெரியவளானா தானே புரிஞ்சுப்பா.”

அன்றிலிருந்து ஹம்ஸா தானே சொல்லிக்கொடுத்துப் பார்த்தாள். மடி ரெண்டுடி கண்ணா, ஒண்ணு தொடக்கூடாத மடி, இன்னொண்ணு உட்கார்ற மடி. வல்லி கவனமாகக் கேட்டுக்கொண்டாள். எது எப்போது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஒருநாள் சாயங்காலம் தூங்கி எழுந்தவள், அவன் எதிரில் போய் எட்ட நின்று, “அப்பா, மடி போயிடுத்தா?” என்று கேட்டாள். அவன் அப்போதுதான் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். “இதோ குளிக்கப் போறேனே, நாளைக்கு” என்றான். நாளைக்கும் அப்படித்தான் ஆயிற்று. சில நாள் கேட்டாள், பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். சாமி வரங்கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்க மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்.

பக்கத்துப் போர்ஷனில் பிரேமாவும் முரளியும். முரளிக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டுகிற கம்பெனியில் வேலை. நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது முகத்தில் கண் இரண்டும்தான் வெள்ளையாக இருக்கும். அவன் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றுவதற்குள் அவன் பையன் எழிலரசன் முதுகுவழியாக ஏறித் தோளில் உட்கார்ந்துவிடுவான். துணி போச்சு, சோப்பு உன் அப்பனா வாங்கித் தரான் என்று பிரேமா கத்துவாள். அப்பன்தான் வாங்கித் தருகிறான் என்று முரளி சொல்வான். தினமும் இதே கூத்து, தினமும் சிரிப்பார்கள்.

வல்லி இதை எட்ட நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் முரளி அவளையும் வா என்று கூப்பிட்டான்.

“மாமா, நீங்க மடியா?” என்று கேட்டாள் வல்லி.

அவனுக்கு அந்தப் பாஷை தெரியாது. தொடையை ஒரு தட்டுத் தட்டி, “இந்தா பாப்பா மடி. வந்து குந்து” என்றான்.

அவள் முதலில் ஒரு விரலால் அவன் முழங்காலைத் தொட்டாள். அவன் துள்ளவில்லை. குளிக்க ஓடவில்லை. அப்புறம் ஏறி உட்கார்ந்தாள். சன்னலில் நின்ற ஹம்ஸா கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தாள், கூப்பிடவில்லை. மஞ்சள் ஃபிராக்கின் பின்பக்கம் கரிக்கறையோடு வல்லி உள்ளே வந்தபோது ஹம்ஸாவுக்கு அத்திப்பட்டு வீட்டு வாசனை வந்தது. கழற்றித் துவைக்கப் போட மனசில்லாமல் சாயங்காலம்வரை அதையே போட்டிருக்க விட்டாள்.

ரகுநந்தன் பார்க்காமலில்லை. “முரளி நல்ல பையன்தான். இருந்தாலும்...” என்று நிறுத்தினான். இருந்தாலும் என்பதற்குப் பிறகு என்ன வரும் என்று ஹம்ஸாவுக்குத் தெரியும். வாயால் சொல்லாமல் விட்டான், அவ்வளவு நாகரிகம் அவனிடம் உண்டு.

புரட்டாசி வந்தது. புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் மூச்சுவிட நேரம் இருக்காது. அண்டா அண்டாவாகப் புளியோதரை, சர்க்கரைப் பொங்கல், தத்தியோன்னம். மூன்றாம் சனிக்கிழமைக்குக் கூடத் தளிகை செய்கிறவர் முதுகுப் பிடிப்பு என்று வரவில்லை. ரகுநந்தன் வழக்கத்தைவிட முன்னதாகவே எழுந்து குளித்துத் திருமண் இட்டுக்கொண்டு கிளம்ப நின்றான்.

முதல் நாளிலிருந்தே வல்லிக்குக் காய்ச்சல். விடியும் நேரத்தில் உடம்பு அனலாகக் கொதித்தது. அதே நேரம் பார்த்து வரதன் குடித்த பாலையெல்லாம் ஹம்ஸாவின் தோளிலேயே கக்கினான். அவனைக் கீழே விட்டால் அதிலேயே புரள்வான். மருந்து பாட்டில் அலமாரி மேல்தட்டில். பாயில் கிடந்த வல்லி கண்ணைத் திறந்தாள். வாசல் நிலையருகில் அப்பா நிற்பதைப் பார்த்தாள். காய்ச்சலில் எல்லாம் மறந்துபோயிற்று போலிருக்கிறது. எழுந்து உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

“அப்பா, தூக்கு.”

“ஒரு நிமிஷம் அவளை எடுத்துக்கோங்கோன்னா” என்றாள் ஹம்ஸா. “மருந்தை எடுத்துடறேன். உடம்பு ஒரு மாதிரி இருக்கு.”

அவன் கை முன்னால் வந்தது. இதை ஹம்ஸா பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தாள். வந்தது, பொய் சொல்லக் கூடாது. பாதி தூரம் வந்து நின்றது. பிறகு மடங்கி மார்போடு ஒட்டிக்கொண்டது.

“நான் மடி ஹம்ஸா” என்றான். குரலில் அழுகை மாதிரி ஏதோ இருந்தது. “அங்க யாருமில்லை இன்னிக்கு.”

சொல்லிவிட்டுக் காம்பவுண்டில் இறங்கிப் பக்கத்துக் கதவைப் பார்த்து, “பிரேமா! பிரேமா!” என்று சத்தம் போட்டான். கதவு திறந்ததைப் பார்த்ததும் போய்விட்டான். தன்னால் ஆனதைச் செய்துவிட்டதாகத்தான் அவன் நினைத்திருப்பான்.

பிரேமா ஓடிவந்து குழந்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஐயோ மாமி, நெருப்பா கொதிக்குதே. இவரு இப்பத்தான் வந்தாரு, வண்டில இட்டுகினு போவச் சொல்றேன். சின்னவனை என்கிட்ட குடு” என்றாள். வயதில் இரண்டு வருஷம் மூத்தவளானாலும் அவளுக்கு ஹம்ஸா மாமிதான். முரளி முகம்கூடக் கழுவவில்லை. வல்லியை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போவதற்குள் அவள் கண் மேலே சொருகியது, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. ஹம்ஸா அலறியது அவளுக்கே கேட்கவில்லை. முரளி பைக்கை விட்டுவிட்டான். சந்து முனையில் நின்ற ஆட்டோவுக்குக் குழந்தையோடு ஓடினான். பெரியாஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவன் மடியில்தான் அவள் கிடந்தாள். ஒண்ணுமில்லை மாமி, பையனுக்கும் இப்படித்தான் வந்துச்சு, ஒண்ணுமில்லை என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தான்.

ஒன்றும் ஆகவில்லை. காய்ச்சல் ஏறினால் சில குழந்தைகளுக்கு இப்படி வரும், பயப்பட ஏதுமில்லை என்றார்கள். ஊசி போட்டு, உடம்பைத் துடைத்து, மத்தியானம் வரை வைத்திருந்து அனுப்பினார்கள். குழந்தை முழித்துக்கொண்டு பிஸ்கட் கேட்டாள். ஹம்ஸாவுக்கு அதற்கப்புறம்தான் அழுகை வந்தது.

திரும்பி வந்து ஆட்டோவைவிட்டு இறங்கும்போது ரகுநந்தன் வாசலில் நின்றான். கோயிலிலிருந்து ஓட்டமாக வந்திருக்கிறான், நெற்றித் திருமண் வேர்வையில் வழிந்திருந்தது. பிரேமா சொல்லியிருக்கிறாள். முகத்தில் ரத்தமே இல்லை. முரளி தோளில் வல்லியைப் பார்த்ததும் இரண்டடி முன்னால் வந்தான். முரளியைக் கும்பிட்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்க வேண்டாமா?

“ஆஸ்பத்திரிக்கெல்லாம் போய்ட்டு வந்திருக்கேள். தொட்டித் தண்ணில ஒரு சொம்பு எடுத்துக் குழந்தை தலைல விட்டு உள்ள அழைச்சுண்டு வா” என்றான் ஹம்ஸாவிடம், தாழ்ந்த குரலில். தாழ்த்தினாலும் முரளிக்குக் கேட்டது.

ஹம்ஸா அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வாசலில் நின்று குரலுயர்த்தியவள் இல்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை.

“கார்த்தால அவ கையை நீட்டினா. தொட்டிருந்தா உங்களுக்கு ஒரு குடம் தண்ணி செலவு. பெருமாள் பத்து நிமிஷம் காத்துண்டிருப்பார். அதுக்கு உங்களுக்கு முடியலை” என்றாள். “இப்போ ஜுரத்துல இருக்கிற குழந்தை தலைல தண்ணி விடச் சொல்றேள்.”

முரளி தரையைப் பார்த்துக்கொண்டு, “நான் வர்றேன் மாமி” என்று குழந்தையை ஹம்ஸாவிடம் கொடுத்தான். தோளிலிருந்து தோளுக்கு மாறும்போது வல்லி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தொட்டி, சொம்பு, தலை, தண்ணீர் எல்லாம் அவளுக்குத் தெரிந்த வார்த்தைகள்.

அன்றைக்கு ரகுநந்தன் சாப்பிடவில்லை. தூங்குகிற குழந்தையின் பாதத்தருகில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். கெட்டவன் இல்லை அவன். கெட்டவனாக இருந்தால் ஹம்ஸாவுக்குச் சுலபமாகப் போயிருக்கும், வெறுத்துவிட்டுப் போயிருப்பாள். அவனே பேச்சை எடுத்தான். விஜயதசமிக்கு வல்லிக்கு அட்சராப்பியாசம் செய்துவிடலாம், அரிசியில் முதல் எழுத்து எழுதவைக்கலாம், அன்றைக்கு முழுநாளும் கோயிலுக்கு வேறு ஆள் போட்டுவிடுகிறேன் என்றான். “என் மடில வெச்சுண்டு நானே கையைப் பிடிச்சு எழுதவைக்கறேன்.”

ஹம்ஸா நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? அவன் காஞ்சிபுரத்தில் சொல்லிப் பச்சைப் பட்டில் சின்னதாக ஒரு பாவாடை வாங்கிவரச் செய்தான். அரிசிக்குத் தட்டைத் தேடி எடுத்து அவனே புளிபோட்டுத் துலக்கினான். இரண்டு நாள் மத்தியானம் தூங்காமல் வல்லியிடம் கதை பேசிப் பார்த்தான். அவள் எட்ட நின்றே கேட்டாள். ஹம்ஸாவும் தன் பங்குக்குத் தினமும் தலைவாரும்போது, அன்னிக்கு அப்பா மடில உட்கார்ந்துக்கலாம் என்று சொல்லிவந்தாள். “அன்னிக்கு மடி போயிடுமா?” என்று வல்லி கேட்டாள். அன்னிக்குப் போயிடும் என்றாள் ஹம்ஸா. ஒரே நாள் அவள் அப்பா மடியில் உட்கார்ந்துவிட்டால் போதும், அப்புறம் யாராலும் அதை மாற்ற முடியாது என்று ஹம்ஸாவுக்குத் தோன்றியது.

விஜயதசமி அன்று காலையில் தேவராஜன் தடியை ஊன்றிக்கொண்டு மூத்த மகன் குடும்பத்தோடு வந்து இறங்கினார். கூடம் நிறைந்துவிட்டது. பிரேமாவையும் முரளியையும் ஹம்ஸா அழைத்திருந்தாள். அவர்கள் குளித்துப் புதுத்துணி கட்டி வந்து, உள்ளே வராமல் குழாயடி ஓரமாகவே நின்றுகொண்டார்கள். வாருங்கள் என்று ஹம்ஸா இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள்.

ரகுநந்தன் குளித்துப் பஞ்சகச்சம் கட்டி, பளிச்சென்று திருமண் இட்டு மணையில் உட்கார்ந்தான். அங்கேதான் கோளாறு. தினமும் விடிகாலையில் ‘தொடாதே’ என்று எந்த அப்பாவைக் காட்டினார்களோ, அதே அப்பா, அதே வேட்டி, அதே நெற்றி. சட்டையும் லுங்கியுமாக உட்கார்ந்திருந்தாலாவது குழந்தைக்கு ஒரு வழி இருந்திருக்கும். பெரியவர்கள் யாருக்கும் இது தோன்றவில்லை, ஹம்ஸாவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

“வாடி வல்லி. அப்பா மடிக்கு வா” என்று அவன் தொடையைத் தட்டினான்.

வல்லி கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். இதற்குள் வரதன் தட்டைப் பார்த்துவிட்டு ஆசையாகத் தள்ளாடிப் போனான். வல்லி பாய்ந்து தம்பியின் இடுப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்தாள்.

“தொடாதே, அப்பா மடி!”

அச்சு அசலாக ஹம்ஸாவின் குரல். கூடமே சிரித்தது. ரகுநந்தனும் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. ஹம்ஸாவைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டதென்றால் அந்தப் பார்வைதான்.

“இன்னிக்குத் தொடலாம் கண்ணா” என்றாள் ஹம்ஸா. “போ. போய் உட்கார்ந்துக்கோ.”

அம்மா சொன்னால் கேட்கிற குழந்தை அது. மெல்லப் போய், முழங்கால் ஓரத்தில், பஸ்ஸில் கனத்த ஆள் பக்கத்தில் இடம் கிடைத்தவர்போல ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தாள். அவன் இடது கையால் அவளைச் சேர்த்துப் பிடித்து, வலது கையால் அவள் விரலைப் பிடித்தான். அரிசியில் விரல் நகர்ந்தது. அவன் வாய் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறது, கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடையில் நிற்கிறது. துடைத்துக்கொள்ள ஒரு கையாவது எடுக்க வேண்டுமே, எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த ஹம்ஸாவுக்குப் புரட்டாசிச் சனிக்கிழமையே மனசிலிருந்து கரைந்துவிடும் போலிருந்தது. அப்பா, பாருங்கோப்பா என்று இறந்துபோன தன் அப்பாவிடம் மனசுக்குள் சொன்னாள்.

எழுதி முடித்தாயிற்று. எல்லோரும் அட்சதை போட்டார்கள். வல்லி எழுந்திருக்கப் பார்த்தாள்.

“இன்னும் கொஞ்ச நேரம் இருடி” என்றான் ரகுநந்தன்.

அவள் இறங்கிவிட்டாள். பட்டுப் பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் நேராக வாசற்படி இறங்கிப் போனாள். பாத்ரூம் போகிறாள் என்று நினைத்தார்கள். வெளியே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. “ஏய், இன்னா பாப்பா பண்ற, பட்டுத்துணி நனையுது பாரு” என்று முரளி குரல் கேட்டது.

ஹம்ஸா ஓடினாள். பின்னாலேயே ரகுநந்தன். தொட்டியருகில் வல்லி நின்று, சொம்பில் மொண்டு மொண்டு தன் தலையில் விட்டுக்கொண்டிருந்தாள். புதுப் பட்டு உடம்போடு ஒட்டிப் பச்சைச் சாயம் காலில் இறங்கியது. கையெட்டாததால் பாதித் தண்ணீர் முகத்தில் கொட்டியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, விடாமல் செய்தாள்.

“என்னடி இது?” என்றாள் ஹம்ஸா.

“அப்பா பட்டுட்டா” என்றாள் வல்லி. அழவில்லை, கோபமில்லை. அந்த வீட்டில் தினமும் சொல்கிற மாதிரி சொன்னாள்.

நிலைப்படியில் வந்து நின்ற தேவராஜன் தடியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். விளையும் பயிர் முளையிலேயே தெரியும் என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். மூத்த மகன் ஃபோனை எடுத்துப் படம் பிடித்தான். முரளி மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

ரகுநந்தன் தோளில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு படியிறங்கினான். அவன் மடியில் ஒட்டியிருந்த அரிசி உதிர்ந்துகொண்டே வந்தது. ஜுரம் வந்து தேறின உடம்பு, ஈரத்தில் நிற்கக் கூடாதென்று துண்டை விரித்துக் குழந்தையை வாரிக்கொள்ளக் குனிந்தான்.

வல்லி ஓரடி பின்னால் போனாள்.

“தொடாதே அப்பா. நான் மடி.”

அந்தச் சொல்லைக் கேட்டால் தானாக விலகிக்கொள்கிற உடம்பு அவனுடையது. விரித்த துண்டோடு அவன் விலகி நின்றான்.